சுர் ஒரு யூனிட் கிடையாது

எங்கள் வீட்டு பிரிட்ஜ் என்னை அடிக்க ஆரம்பித்தது பொங்கல் முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு அடுக்களையைத் துடைத்துவிட்டுப் பால் எடுக்கப் போனேன். கதவின் ஸ்டீல் கைப்பிடியைத் தொட்டதும் சுர்ரென்று விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஓர் இழுப்பு. கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த என் கணவரிடம் போய், "ஏங்க, பிரிட்ஜ் ஷாக் அடிக்குதுங்க," என்றேன்.

"எத்தனை வோல்ட்?" என்றார், தலையைத் தூக்காமல்.

"எனக்கு எப்படித் தெரியும்? சுர்ருன்னுது."

"சுர் ஒரு யூனிட் கிடையாது," என்றார்.

மனிதர் இருபத்து மூன்று வருடமாக ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். எண் இல்லாத எதுவும் அவர் காதில் ஏறாது. காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி என்பார். பசிக்கிறது என்றால் எத்தனை இட்லி என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது எல்லாரும் பாட்டுத் தெரியுமா என்று கேட்க, இவர் மட்டும் எத்தனை பாட்டுத் தெரியும் என்று கேட்டார். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் புத்தி அவ்வளவுதான்.

எழுந்து வந்தார். கைப்பிடியை ஒரு கையால் பிடித்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு கதவின்மேல் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். என் கன்னத்தோடு அவர் அப்படி நின்று பல காலம் ஆகிறது.

"ஒண்ணுமில்லையே," என்றார். "உனக்கு டென்ஷன். லேப்ல வேலை ஜாஸ்தி. உடம்புல ஸ்டாட்டிக் சேர்ந்திருக்கும்."

நான் வேளச்சேரி மெயின் ரோட்டில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். வேலை ஜாஸ்திதான். ஆனால் ஸ்டாட்டிக் சேருகிற அளவுக்கு அங்கே யாரும் என்னை உட்கார வைப்பதில்லை.

மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாள், காய்கறித் தட்டை எடுக்கக் குனிந்தபோது, இடுப்பில் அடித்தது. ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் சளக் சளக்கென்று நடந்து வந்து கைப்பிடியைப் பிடித்துக் காட்டிவிட்டு, நோயாளியைப் பார்க்கும் டாக்டர் மாதிரி என்னைப் பார்த்தார். ஷாக் ஒரு நொடி. அந்தப் பார்வை நாள் முழுக்க இருக்கும். எனக்கு நிஜமாகவே வலித்தது அதுதான்.

சளக் சளக் என்றது அவருடைய செருப்பு. போன தீபாவளிக்கு முன்னால் அவருக்குக் குதிகால் வலி வந்து, சேலையூரில் எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் நீல நிறத்தில் மெத்தென்று ஒரு எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்து, வெறுந்தரையில் காலே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் செருப்பு வாசலைத் தாண்டி வந்ததே கிடையாது. டாக்டர் சொன்னதால் இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் அடுக்களை வரை விசா கொடுத்தேன். குளிக்க, தூங்க, சாமி கும்பிட மட்டும் கழட்டுவார். இரண்டு வாரத்தில் அந்தச் சத்தம் வீட்டுச் சத்தங்களோடு கலந்துவிட்டது. தினமும் பார்ப்பது கண்ணில் படாது என்பார்கள். எனக்கும் படவில்லை.

பொங்கலுக்கு முன்னால்தான் எங்கள் செம்பாக்கம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். மழையில் அடுக்களைச் சுவர் ஏரித் தண்ணீரை எல்லாம் குடித்துவிட்ட மாதிரி ஓதம் ஏறிக் கிடந்தது. அந்தச் சுவரை ஒட்டி நின்ற பிரிட்ஜை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். மாடம்பாக்கத்து எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து அங்கே புதிதாக ஒரு பிளக் பாயின்ட் வைத்துக் கொடுத்தார். அவரையே திரும்பக் கூப்பிட்டேன்.

செருப்போடு நேராக உள்ளே வந்தார். "கரண்ட் வேலை செய்யச் சொல்ல செருப்பக் கயட்டக் கூடாதுக்கா," என்று முதல் தடவை வந்தபோதே சொல்லிவிட்டவர். தொழில் தர்மம், நான் ஒன்றும் சொல்ல முடியாது.

"இன்னாக்கா, பிரிட்ஜி அடிக்குதா?" டெஸ்டரைக் கைப்பிடித் திருகின்மேல் வைத்தார். அதற்குள் இருந்த குட்டி விளக்கு மங்கலாக எரிந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது. "பாத்தீங்களா!" என்றேன் கணவரிடம்.

"அது ரிட்டன் வருதுக்கா," என்றார் எலெக்ட்ரீஷியன்.

"எது, எங்கேருந்து, எங்க ரிட்டன் வருது?"

"ரிட்டன்னா ரிட்டன்தான்க்கா. அது பாட்டுக்கு வந்துகினே கீதுன்னு வச்சுக்கயேன். ஒன்னியும் பண்ணாது." சொல்லிவிட்டுப் புறங்கையைக் கைப்பிடியில் வைத்தார். அழுத்தினார். "எனுக்கு ஒன்னுமே தெரிலியேக்கா?"

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் நாட்டிலுள்ள எல்லாப் பெண்களைப் பற்றியும் ஓர் உடன்படிக்கை இருந்தது.

அன்றைக்கு மாலையே மாடி வீட்டு அக்கா உறை மோர் கேட்டு வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, என்னைத் தொந்தரவு செய்யாமல் தானே பிரிட்ஜைத் திறக்கப் போய், "ஐயையோ!" என்று கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். கையை உதறிக்கொண்டு நின்றார். எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அவரைக் கட்டிக்கொண்டேன். இரண்டுக்கு இரண்டு ஆகிவிட்டதே!

"அது செல்லாது," என்றார் என் கணவர். "நீ முன்னாடியே சொல்லி அவங்களைப் பயமுறுத்தி வச்சிருப்ப."

எனக்குத் தலைக்குமேல் ஏறியது. "சரி. இனிமே நான் பிரிட்ஜைத் தொடமாட்டேன். அடிக்கலன்னு சொல்றவங்களே திறக்கட்டும்," என்றேன். காய்ந்த துணியால் பிடித்துத் திறந்திருக்கலாம், எனக்குத் தெரியாமல் இல்லை. பொய் சொன்னவள் எதற்குத் துணியைத் தேட வேண்டும்?

அதிலிருந்து காலை ஐந்தரைக்குப் பால், ஆறு மணிக்குத் தேங்காய்ச் சில், சாயங்காலம் மோர், எல்லாவற்றுக்கும் கூப்பிட்டேன். அவர் சளக் சளக்கென்று வந்து, நட்சத்திர ஓட்டல் வாசலில் நிற்பவர் மாதிரி கதவைத் திறந்து பிடிப்பார். நான் கைப்பிடியில் படாமல் உள்ளே கையை விட்டு எடுத்துக்கொண்டு, "தேங்க்யூ," என்பேன். ஒரு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் குளியலறைக்குள் இருந்தவரைக் கறிவேப்பிலைக்காகக் கூப்பிட்டேன். அன்றைக்குத்தான் மனிதர் இறங்கி வந்தார்.

"இதுக்கு ஒரு முடிவு கட்டணும்," என்றார், குளியலறைக் கதவைத் திறந்து சோப்புத் தலையை மட்டும் நீட்டி.

"கட்டுங்க. அளக்கறதுக்கு ஏதோ கருவி இருக்காமே, வாங்கி அளங்க. அது சொன்னா நம்புவீங்கல்ல?"

"மல்டிமீட்டரா? அது சொன்னா கண்டிப்பா நம்புவேன்," என்றார். சோப்புக்கு நடுவில் முகம் மலர்ந்தது. "கார் வேற காலைல ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. வண்டிக்கும் ஆச்சு, வீட்டுக்கும் ஆச்சு."

வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த கதைதான். மல்டிமீட்டரைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் எங்கள் கல்யாணத்தை இரண்டு தடவை நிச்சயம் செய்திருக்கலாம். தினமும் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ ஓடும். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒரு மீட்டரைத் தூக்கிப் போடுவார், தண்ணீரில் முக்குவார், வெடிக்க வைப்பார். இவர் அதைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுப்பார். வண்டியில் ஓடுவது டி.சி., வீட்டில் ஓடுவது ஏ.சி., இரண்டையும் அளக்கிற மீட்டர் வேண்டும். மீட்டரின் அடியில் மூன்று ஓட்டை இருக்கும். அதில் பத்து ஆம்பியர் ஓட்டையில் சிவப்பு ஒயரைச் செருகியிருப்பதை மறந்து பிளக் பாயின்டில் வைத்தால் படார். எத்தனை வோல்ட்டில் முள்ளைத் திருப்புவது என்று தெரியாதவர்களுக்குத் தானாகவே அளவைப் பிடித்துக்கொள்ளும் ஆட்டோ ரேஞ்ச் நல்லது. பியூஸ் கண்ணாடியா, பீங்கானா என்று பார்க்க வேண்டும்.

"அதெல்லாம் இருக்கட்டும்ங்க, பிரிட்ஜ்ல இருந்து தயிரை எடுங்க," என்பேன்.

ஒரு சனிக்கிழமை மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு எலெக்ட்ரிகல் கடைக்குப் போனோம். நடக்கவே இடமில்லாத கடை. என் கணவர் ஒரு பேப்பரில் கேள்விகளை எழுதி எடுத்து வந்திருந்தார்.

"வண்டிக்கா சார், வூட்டுக்கா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும்னா ரெண்டுக்கும் சுமாரா கீது சார், பர்வால்லியா?"

"ட்ரூ ஆர்.எம்.எஸ். இருக்கா?" ஏ.சி.யைத் துல்லியமாக அளக்கிற சமாச்சாரமாம், வீடியோவில் கற்றது.

கடைக்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் கீது சார். பேட்டரிகூட உள்ளயே கீது."

மஞ்சள் நிற மீட்டர் ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் முதல் மரியாதை காருக்கு. பானட்டைத் திறந்து சிவப்பு முனையை இங்கே, கறுப்பு முனையை அங்கே வைத்தார். பதினொன்று புள்ளி எட்டு. என்னை உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொன்னார். எண் எட்டுக்கு இறங்கியது. "பேட்டரி போச்சு," என்றார். சாயங்காலத்துக்குள் புது பேட்டரி வந்து, கார் முதல் திருப்பிலேயே உறுமியது.

எனக்கு அந்தக் காரின்மேல் பொறாமை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. கார் ஒரே ஒரு தடவைதான் சொன்னது. உனக்கு டென்ஷனா என்று அதை யாரும் கேட்கவில்லை.

பிறகு அடுக்களை. மிக்ஸி பிளக் பாயின்டின் மேல் ஓட்டையில் கறுப்பு முனை. அதுதான் எர்த் என்றார். பிரிட்ஜின் கைப்பிடித் திருகில் சிவப்பு முனை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட அப்படி நின்றதில்லை.

நூற்றுப் பன்னிரண்டு.

"நூத்திப் பன்னெண்டு!" என்று குதித்தேன். "இப்பவாவது நம்பறீங்களா?"

அவர் புருவம் சுருங்கியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே எண். "இருக்க முடியாது," என்றார்.

"ஏன் முடியாது?"

"தினமும் பத்து தடவை இதைப் பிடிக்கிறேன். நூத்திப் பன்னெண்டு வோல்ட் இருந்தா நான் எப்படி உசுரோட இருக்கேன்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பல பதில்கள் இருந்தன.

"மீட்டர் ரிப்பேர்," என்று முடிவு செய்துவிட்டார். இதே மீட்டர்தானே காலையில் காருக்குச் சரியாகச் சொன்னது என்றேன். அது டி.சி., இது ஏ.சி. என்றார். மறுநாள் அதே கடைக்குப் போய் மஞ்சளைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு, ஆட்டோ ரேஞ்ச் உள்ள சிவப்பு மீட்டர் வாங்கி வந்தார். அது நூற்றெட்டு காட்டியது.

"பாரு, ஒண்ணு நூத்திப் பன்னெண்டுங்குது, இன்னொண்ணு நூத்தியெட்டுங்குது. இதுங்களுக்கே தெளிவில்ல."

எங்கள் லேபுக்கு இந்த மாதிரி ஆட்கள் தினமும் வருவார்கள். சர்க்கரை இருநூற்று அறுபது என்று ரிப்போர்ட் கொடுத்தால், "நான் இனிப்பே தொடறதில்லம்மா, மெஷின்ல கோளாறு, வேற மெஷின்ல போடுங்க," என்பார்கள். வேறு மெஷினில் போட்டால் இருநூற்று ஐம்பத்தாறு வரும். "பாத்தியா, மாத்தி மாத்திச் சொல்லுது," என்று வெற்றியோடு போவார்கள். இருபது வருடமாக அவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். அதில் ஒருவரோடு குடித்தனமும் நடத்துகிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது மீட்டர் ஆன்லைனில் வந்தது. ஆரஞ்சு நிறம், தலையில் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு கவ்வி. ட்ரூ ஆர்.எம்.எஸ். நிஜமாகவே இருந்தது. அது நூற்றுப் பத்து என்றது.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, நாள், கருவி, அளவு என்று மூன்று கட்டம் கிழித்து, மூன்றையும் எழுதினார்.

"சராசரி போட்டா நூத்திப் பத்து வருது," என்றேன். கணக்குக்காரருக்குக் கணக்கிலேயே சொன்னால் ஏறும் என்று ஒரு நப்பாசை.

"தப்போட சராசரியும் தப்புதான்," என்றார். "மூணும் ஒரே பேக்டரில செஞ்சிருப்பான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முயலே காலை நீட்டிக் காட்டியும் எண்ண மறுக்கிறவரை அப்போதுதான் பார்த்தேன். இதற்குள் மாசி பிறந்துவிட்டது. கதவு திறக்கும் உத்தியோகம் தொடர்ந்து நடந்தது. எனக்குச் சண்டை போடவும் சலித்துவிட்டது. ஒரு வேளை நிஜமாகவே என் உடம்பில்தான் ஏதோ கோளாறோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. லேபில் எனக்கு நானே ரத்தம் எடுத்துக் கால்சியமும் பொட்டாசியமும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டாரே என்று கழிப்பறையில் நின்று கொஞ்சம் அழுதேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பத்து மணிக்குத்தான் டியூட்டி. அடுக்களையைத் துடைத்து முடித்திருந்தேன். அவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"ஒண்ணு கவனிச்சியா? இது லேடீஸை மட்டும்தான் அடிக்குது. உன்னை அடிக்குது, மாடி வீட்டு அக்காவை அடிக்குது. என்னை அடிக்கல, எலெக்ட்ரீஷியனை அடிக்கல. உங்க ரெண்டு பேருக்கும் என்ன பொதுவா இருக்கு?"

"ரெண்டு பேருக்கும் புருஷன் இருக்கான்," என்றேன் வெறுப்பில்.

"கரெக்ட்!" என்று துள்ளினார். "மெட்டி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வெள்ளி! உலகத்துலயே கரண்டை நல்லாக் கடத்தற உலோகம் வெள்ளிதான். கால்ல மெட்டி, தரை ஈரம், கரண்ட் ஜம்முனு இறங்குது. பிரிட்ஜ்ல இருக்கறது கொசுறு கரண்ட், அது உன் மெட்டியாலதான் உனக்குத் தெரியுது. மெட்டியைக் கழட்டிட்டுத் தொட்டுப் பாரு."

"அது நீங்க போனப்புறம் கழட்டறது," என்றேன்.

"எங்க போனப்புறம்?" என்று கேட்டார், உண்மையாகவே தெரியாமல்.

கழட்ட மாட்டேன் என்று நின்றேன். சரி, காலில் இருக்கும்போதே அளக்கிறேன் என்றார். ஆரஞ்சு மீட்டரைத் தரையில் வைத்து, என் காலடியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு முனைகளையும் என் மெட்டியில் வைத்தார். மீட்டர் 'பீப்' என்று கத்தியது.

"பாத்தியா, கடத்துது!" அடுத்த மெட்டியில் வைத்தார். பீப். என் கட்டைவிரலில் வைத்தார். சத்தமில்லை. "பாத்தியா, பாத்தியா!" மறுபடி மெட்டி. பீப்.

அப்போது மாடி வீட்டு அக்கா கையில் கிண்ணத்தோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். கட்டிய கணவன் ஒயரும் கையுமாக மனைவியின் பாதத்தில் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குதிகால் வலிக்கு வைக்கறீங்களா சார்? எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு, எங்க விக்குது இது?" என்றார். "அவருக்கும் உங்களை மாதிரியே அந்த நீலச் செருப்புதான் எழுதிக் குடுத்தாங்க. தரைல காலே படக் கூடாதாம்."

தரையில் காலே படக் கூடாது.

குனிந்து பார்த்தேன். குந்தி உட்கார்ந்திருந்த என் கணவரின் காலடியில் மெத்தென்று, ஒரு அங்குல உயரத்துக்கு, நீல ரப்பர். எலெக்ட்ரீஷியன் செருப்போடு வந்தது ஞாபகம் வந்தது. அக்கா வாசலில் செருப்பை விட்டது ஞாபகம் வந்தது. ஆறு வாரத்துச் சோறும் ஒரே நேரத்தில் செரித்தது போல் இருந்தது.

"ஏங்க," என்றேன். "அந்த ரெண்டு முனையையும் உங்க செருப்புல வச்சுப் பாருங்க."

"எதுக்கு?"

"வச்சுப் பாருங்களேன்."

வைத்தார். மீட்டர் வாயே திறக்கவில்லை. திரையில் 'ஓ.எல்.' என்று காட்டியது.

"அப்படின்னா என்னங்க?"

"அளக்க முடியாத அளவுக்குத் தடைன்னு அர்த்தம். ரப்பர் இல்லையா, கரண்ட் இதைத் தாண்டி இறங்கவே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

"கழட்டுங்க," என்றேன்.

"டாக்டர் வெறுந்தரையில..."

"நீங்க உசுரோட இருக்கும்போதே என்னை மெட்டியைக் கழட்டச் சொன்னீங்க. நான் செருப்பைத்தான் கழட்டச் சொல்றேன். கழட்டுங்க."

கழட்டினார். ஒரு ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். துடைத்த ஈரம் காயாத தரையில் வெறுங்காலோடு நின்றார். அக்கா கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். என் கணவர் கையை நீட்டி, கைப்பிடியைத் தொட்டார்.

"ஆத்தாடி!" என்று ஒரு சத்தம். கை பின்னால் பறந்து, அலமாரியில் இருந்த கடுகு டப்பாவைத் தட்டிவிட்டது. தரை முழுக்கக் கடுகு. அதற்கு நடுவில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் காத்திருந்தேன். ஆறு வாரமாக இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன். என்ன சொல்வார் என்று பல தடவை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன்.

அவர் தரையில் கிடந்த ஆரஞ்சு மீட்டரைப் பார்த்தார். "அப்ப மீட்டர் எல்லாம் கரெக்டாதான் சொல்லியிருக்கு," என்றார்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு வந்த பிறகும் நற்சான்றிதழ் மீட்டருக்குத்தான் போனது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. கடுகை மிதித்துக்கொண்டு போய்க் கைப்பையை எடுத்தேன்.

"மீட்டர் வந்து மூணு வாரம்தான் ஆச்சு. நான் வந்து இருபத்து ரெண்டு வருஷம் ஆச்சு," என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனேன். மதியச் சாப்பாடு வைக்கவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது மெயின் அணைந்திருந்தது. அடுக்களையில் எலெக்ட்ரீஷியன் பிரிட்ஜ் பாயின்டைக் கழட்டி வைத்துக்கொண்டு, சுவருக்குள்ளிருந்து ஒரு பச்சை ஒயரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"எர்த்து ஒயரே குடுக்கலக்கா. உள்ளயே மடிச்சு வுட்டுக்கீறாங்க."

"யாரு?"

"யாரோ..." என்று இழுத்தார். "நான்தான்க்கா."

"அப்ப ரிட்டன் வருதுன்னியே?"

"ரிட்டன்லாம் ஒன்னியும் இல்லக்கா. எர்த்து இல்ல, அவ்ளோதான்."

பச்சை ஒயரைத் திருகி முடுக்கினார். மெயினைப் போட்டார். பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. "தொட்டுப் பாரு," என்றார் என் கணவர் அவரிடம். "செருப்பைக் கழட்டிட்டு."

"அய்ய, நானா?" என்று எலெக்ட்ரீஷியன் பின்வாங்கினார்.

அப்போதுதான் கவனித்தேன், என் கணவர் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வலது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல் லேசாகத் தூக்கியிருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, புறங்கையால் கைப்பிடியைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகப் பிடித்தார். பிறகு விலகி நின்று, என்னைப் பார்த்தார். மீட்டர் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை.

"நீ தொட்டுப் பாரு," என்றார். "நீ சொன்னாத்தான் சரியாச்சுன்னு அர்த்தம்."

தொட்டேன். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். "அடிக்கல," என்றேன். எலெக்ட்ரீஷியன் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்.

பிரிட்ஜின் தலையில் நோட்டுப் புத்தகம் திறந்தபடி கிடந்தது. மூன்று மீட்டர்களின் மூன்று வரிகள். அவற்றுக்குக் கீழே நிறைய இடம் இருந்தும், முதல் வரிக்கும் மேலே, தலைப்புக்கும் நூற்றுப் பன்னிரண்டுக்கும் இடையில், நுழைக்கவே முடியாத இடத்தில், சின்னச் சின்ன எழுத்தாக ஒரு வரியை நுழைத்திருந்தார். கருவி என்ற கட்டத்தில் 'அவள்' என்று இருந்தது. அளவு என்ற கட்டத்தில் 'சுர்'. நாள் என்ற கட்டத்தில் அன்றைய தேதி இல்லை. பொங்கலுக்கு மறுவாரச் செவ்வாய்க்கிழமையின் தேதி இருந்தது.

"யூனிட் போடலியே," என்றேன்.

"அதான் யூனிட்டு," என்றார்.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், அவ்வளவு சுலபமாக அவருக்கு அதைக் கொடுப்பதாக இல்லை. செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டேன். பிரிட்ஜை நானே திறந்து, பாலை எடுத்து, அடுப்பில் வைத்தேன்.